முதல் நாளே ஊர் திரும்பும் அணிகள்

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்துப் போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை, உடற்கல்வித் துறை அறையில் லாட் எடுப்பார்கள். அணிகளின் பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சுருட்டி, மேஜையில் கொட்டிக் குலுக்கி, ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பிறகு ஒரு சார்ட் தாளை விரித்து, யார் யாரோடு மோதுவது என்ற ஃபிக்சர் போட உட்காருவார் பி.டி. மேடம். 21 அணிகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் எண்களில் 21-ஐத் தாண்டி முதலில் வருவது 32. அதில் 21 போனால் மீதி 11. ஆக, 11 அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் கிடையாது. 'பை' கொடுத்து நேராக இரண்டாம் சுற்றுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, அடுத்தது மேல்பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப்பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல்பாதியின் கடைசி அணிக்கு என்று போகும் அந்த வரிசை உடற்கல்வி படித்தவர்களுக்கு மனப்பாடம்.

மொத்தம் எத்தனை ஆட்டம் வரும்? தாளில் கோடுகளை எண்ண வேண்டியதில்லை. நாக்-அவுட்டில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கோப்பையை வாங்கப்போவது ஓர் அணிதான்; மற்ற 20 அணிகளும் தோற்றாக வேண்டும். எனவே 20 ஆட்டம். இதே 21 அணிகளும் எல்லோரோடும் மோதும் லீக் என்றால் 210 ஆட்டம் ஆகும். இருக்கிற கிரவுண்டையும் ஓ.டி. (வகுப்புக்கு வராமலிருக்க ஆன்-டியூட்டி அனுமதி) கிடைக்கும் நாட்களையும் கணக்குப் பார்க்கும் எந்தக் கல்லூரியும் நாக்-அவுட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். குறைந்த செலவில் முதல் பரிசுக்கு ஓர் அணியைத் தேடித்தர இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் கணிதம் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர், 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை எழுதிய லூயிஸ் கரோல். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். சார்லஸ் டாட்சன் என்பது இயற்பெயர். 1883-இல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 32 பேர் ஆடும் நாக்-அவுட்டில், உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-இல் 16 மட்டுமே என்று காட்டினார். காரணம் எளியது. முதலாமவரும் இரண்டாமவரும் ஃபிக்சரின் ஒரே பாதியில் விழுந்துவிட்டால், இரண்டாமவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது. முதல் சுற்றிலேயே மோதினால் முதல் நாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திறமைசாலி எப்போதும் ஜெயிப்பார் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கால்பந்தில் அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

கால்பந்தில் கோல் அபூர்வம். பெரிய லீக்குகளில்கூட ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று கோல்தான் சராசரி. அபூர்வமாக, தனித்தனியாக நேரும் சம்பவங்கள் எப்படிப் பரவும் என்பதற்கு பிரெஞ்சுக் கணிதர் புவாஸோன் 1837-இல் ஒரு சூத்திரம் தந்தார். 1898-இல் போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர் அதைப் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கோடு ஒப்பிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், மொத்தம் 200 பதிவுகள். அவற்றில் 109-இல் சாவே இல்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒன்றில் நால்வர். சூத்திரம் சொன்ன எண்களும் கிட்டத்தட்ட இவையே. கோல்களும் ஏறத்தாழ இதே ஒழுங்கில் விழுகின்றன என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

அந்தச் சூத்திரத்தில் இரண்டு அணிகளைப் போடுவோம். ஓர் அணி சராசரியாக 2 கோல் அடிக்கும், எதிரணி 1. பலத்தில் இரண்டுக்கு ஒன்று. ஆனாலும் நூறு ஆட்டத்தில் சுமார் 18-இல் பலவீனமான அணியே ஜெயித்துவிடும்; 21 ஆட்டம் சமனாகும். சமனானவற்றை டை-பிரேக்கரில் தீர்த்து, அதைப் பூவா தலையா என்று கொண்டால், பலமான அணி மேலே போகும் வாய்ப்பு நூற்றுக்கு 71. 64 அணிகள் கொண்ட நாக்-அவுட்டில் கோப்பைக்கு இப்படி ஆறு தடவை தாண்ட வேண்டும். 0.71-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். எட்டில் ஒன்று என்ற அளவுக்குத்தான் வரும். எதிர்ப்படும் ஒவ்வோர் அணியையும்விட இருமடங்கு கோல் அடிக்கும் அணி, எட்டுப் போட்டிக்குப் போனால் ஏழிலிருந்து வெறுங்கையோடு திரும்பும்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தைப் பார்த்தால் திகைப்பு வரும். அங்கே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பெண்கள் போட்டி 1982-இல் 12 அணிகளோடு தொடங்கியது. அதுவும் நாக்-அவுட்தான். முதல் 13 ஆண்டுகளில் 12 முறை வட கரோலினா பல்கலைக்கழகமே வென்றது. 1985-இல் மட்டும் ஜார்ஜ் மேசன். இப்படி நடக்க வேண்டுமானால் ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்தையும் ஏறத்தாழ நூற்றுக்கு 98 தடவை ஜெயித்தாக வேண்டும். பயிற்சியாளர் ஆன்சன் டாரன்ஸின் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 98-க்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது: மற்றப் பல கல்லூரிகளில் அப்போது பெண்களுக்குப் பந்தே சரியாகக் கிடைக்கவில்லை. கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாதென்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மெல்ல மெல்ல வேலை செய்தது, அணிகள் பெருகின, 2001 முதல் 64 அணிகள். பட்டமும் பல கைகளுக்குப் போனது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1991-இல் தொடங்கிய தேசிய சீனியர் பெண்கள் போட்டியை மணிப்பூர் நெடுங்காலம் தன் கையிலேயே வைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் அந்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முதலாகப் பட்டம் வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் வாங்கியது. அந்தத் தமிழ்நாட்டு அணிப் பெண்களில் ஒருவரான கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியிலும் ஆடியவர். இடையில் 2019 மே மாதம் லூதியானாவில் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்தது. அந்த ஆண்டு லீக்கில் 12 அணிகள், இரண்டு பிரிவு. எவ்வளவு மோசமாக ஆடிய அணிக்கும் ஐந்து ஆட்டம் உறுதி. 2023-24-இல் ஏழு அணிகள் சொந்த ஊரிலும் வெளியூரிலும் ஆடும் முறை வந்ததும் ஆளுக்கு 12 ஆட்டமானது.

கல்லூரி மட்டத்தில்தான் நிலைமை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் கல்லூரி அணியில் இடம்பிடிக்கிறாள் என்று வைப்போம். காலையில் வன்னியம்பட்டி விலக்கில் பஸ் பிடித்து, சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் கெட்டித்துப்போன தரையில் பயிற்சி எடுக்கிறாள். வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாப் செய்வதற்குள் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். இப்படி மாதக்கணக்கில் பழகி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போனால் அங்கே நாக்-அவுட். அதில் கண்ணில் பட்டால்தான் பல்கலைக்கழக அணி. அதன்பின் தென்மண்டலப் போட்டி. மண்டலப் போட்டியில் நாக்-அவுட்டுக்குப் பிறகு கடைசி நான்கு அணிகளுக்கு லீக் வைப்பது வழக்கம். நல்ல ஏற்பாடுதான். கரோல் சொன்ன அநியாயத்தை அது பெருமளவு குறைக்கிறது. ஆனால் அந்த லீக்கால் பயன் பெறுவது ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்கள்.

அந்த 21 அணி ஃபிக்சருக்கே வருவோம். முதல் சுற்றில் தோற்கும் 5 அணிகள் ஒரே ஆட்டத்தோடு கிளம்பும். பை வாங்கி இரண்டாம் சுற்றில் தோற்பவர்களுக்கும் அதுதான் முதலும் கடைசியுமான ஆட்டம். அந்த பை வரிசைப்படி கூட்டினால் குறைந்தது 9, அதிகமானால் 12 அணிகள் ஒரே ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பும். மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாமாண்டுப் பெண் கிரவுண்டுக்குள் காலே வைத்திருக்க மாட்டாள். ஆட ஆடத்தான் ஆட்டம் வரும். ஆண் பிள்ளைகளுக்காவது தெருவிலும் கண்மாய்க் கரையிலும் கோடை முழுக்க டோர்னமென்ட் உண்டு. இவளுக்குக் கல்லூரிப் போட்டியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

தொடக்கத்தில் நாக்-அவுட்டுக்குப் பதிலாக, மூன்று மூன்று அணிகளாக ஏழு பிரிவு வைக்கலாம். பிரிவுக்கு மூன்று ஆட்டம் என்று 21 ஆட்டம். பிரிவில் முதலிடம் பெற்ற ஏழு அணிகளோடு, இரண்டாமிடங்களில் சிறந்த ஒன்றையும் சேர்த்து எட்டு அணிகளுக்குக் காலிறுதி. அங்கிருந்து இறுதி ஆட்டம் வரை 7. மொத்தம் 28. நாக்-அவுட்டைவிட எட்டு ஆட்டம்தான் அதிகம். இரண்டு கிரவுண்டில் காலையும் மாலையும் ஆடினால் அந்த எட்டும் கூடுதலாக இரண்டே நாளில் முடிந்துவிடும். யாரும் ஒரே ஆட்டத்தோடு திரும்ப வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தில் தடுமாறிய அணி இரண்டாவதில் முதலாமாண்டுப் பெண்ணை இறக்கிப் பார்க்கலாம். வரும் ஆண்டு போட்டியை நடத்த ஒப்புக்கொள்ளும் கல்லூரி, லாட் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை மேஜையில் வைத்துப் பேச வேண்டும். கூடுதலாக வேண்டியது இரண்டு நாள் சாப்பாடும், தங்குவதற்கு ஒரு விடுதி ஹாலும், மேலும் இரண்டு நாளுக்கு ஓ.டி. கையெழுத்தும்.