பிரட்டுக்களத்தில் ஒரு யப்பானிய வண்டி

பண்டிதன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நகைப்பவர் நகைக்கட்டும். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்துவரும் எனக்கு ஆறாம் வேற்றுமையின் பொருளை ஐயந்திரிபற உணர்த்தியது ஒரு மோட்டார் வண்டியே. ஆதலின் எழுதுகின்றேன்.

கேகாலை மாவட்டத்திலே, யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிற் பிறந்தவன் என் மாணவன் ஒருவன். சாதாரண தரப் பரீட்சையில் தமிழிலே திறமைச் சித்தி பெற்றான், கணிதத்தில் தவறினான். அவிசாவளையில் வண்டி திருத்தும் பாஸ் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, கையெல்லாம் கிறீஸ் பூசிக் கற்றுத் தேறி, இன்று தெருவோரத்தில் தனக்கென்று சிறு கராச் ஒன்று வைத்திருக்கின்றான். 2014ஆம் ஆண்டில் கொழும்பிலே ஒரு வீட்டின் பின்புறத்தில் மழை நனைந்து, புல் முளைத்துக் கிடந்த வண்டி ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி வந்தான். எஞ்சின் இல்லை, கண்ணாடி ஒன்றில்லை, தரைத் தகட்டில் கைநுழையும் ஓட்டைகள். 'இதைக் கொண்டு என்ன செய்யப் போகிறாய் தம்பி?' என்றேன். 'ஓட்டப் போறேன் ஐயா' என்றான். ஐந்தாண்டு சென்றது, 2019இல் ஓட்டினான்.

அவ்வண்டி 1986இற் செய்யப்பட்ட டொயோட்டா எம்.ஆர்.2. இருவர்க்கு மாத்திரம் இருக்கை. எஞ்சினோ முன்னும் இல்லை, பின்கோடியிலும் இல்லை. இருக்கைக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே குறுக்காக அமர்ந்திருக்கின்றது. அணியிலக்கணம் பயின்ற அன்பர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு சொல் ஓரிடத்து நின்று செய்யுள் முழுவதற்கும் பொருள் தருவது தீவகம். அது முதனிலை, இடைநிலை, கடைநிலை என மூன்றாம். பெரும்பாலான கார்கள் முதனிலைத் தீவகம். நம் தெருக்களில் ஓடும் முச்சக்கர வண்டி கடைநிலைத் தீவகம். இவ்வண்டி இடைநிலைத் தீவகம்.

நடுவில் வைப்பதால் வரும் நன்மை யாது? கொழுந்துக் கூடையை முதுகோடு அணைத்துக்கொண்டு நிற்பவள் எத்துணைச் செங்குத்தான சரிவிலும் சட்டெனத் திரும்புவாள். அதே பாரத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்தவன் திரும்பும்போது பாரம் அவனை இழுத்துச் செல்லும். எஞ்சின் என்னும் பெரும்பாரம் நடுவுக்கு அண்மையில் இருப்பின் வண்டி வளைவிலே தயக்கமின்றித் திரும்பும். மேட்டில் ஏறும்போது உந்தும் பின்சக்கரங்கள் பாரத்தால் அழுந்தி நிலத்தைப் பற்றும். தீமையும் உண்டு. எளிதில் திரும்பத் தொடங்கியது எளிதில் நிற்காது. வளைவின் நடுவில் அஞ்சி முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் முன்புறத்தை முந்திக்கொண்டு சுழலும்.

டொயோட்டா நிறுவனத்தில் அகியோ யோஷிதா என்ற பொறியியலாளர் 1970களின் நடுப்பகுதியில் இதற்கு வித்திட்டார். 1983ஆம் ஆண்டுத் தோக்கியோக் கண்காட்சியில் மாதிரியாக நின்றது, மறு ஆண்டு யூன் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. இத்தாலியரும் ஆங்கிலேயரும் அதற்கு முன்னரே நடுப்பொறிக் கார்களைச் செய்திருந்தனர். யப்பானியரும் அவ்வழியே சென்றனர். முன்சக்கரங்களை உந்தும் சாதாரணக் கொரோலாக் காரின் எஞ்சினையும் பல்லிணைப் பெட்டியையும் ஒருசேர எடுத்து, அப்படியே இருக்கைக்குப் பின்னே கொண்டுபோய் வைத்துவிட்டனர். 1587 கன சென்ரிமீற்றர், 16 வால்வுகள், வண்டியின் எடையோ ஏறக்குறைய ஒரு தொன். சம்பளக்காரனும் எண்ணிப் பார்க்கத்தக்க விலைக்கு அவ்வமைப்பு கிடைத்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். எம்.ஆர்.2 என்பதைப் பிரெஞ்சு மொழியிற் சொன்னால், சபையிற் சொல்லலாகாத சொல்லொன்றின் ஒலி வந்து விழுகின்றது. ஆதலின் பிரான்சில் விற்றபோது இரண்டை நீக்கி எம்.ஆர். என்றே வழங்கினர். வணிகரும் இடக்கரடக்கல் அறிந்திருக்கின்றனர் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

இவ்வினத்திலே புகழில் மேம்பட்டது 1990இல் வந்த ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். உடல் முழுதும் அலுமினியம். பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா 1989இல் சுசுக்காவில் ஓட்டிப் பார்த்து, உடற்கட்டு இன்னும் விறைப்பாதல் வேண்டும் என்று சொல்ல, அவ்வாறே திருத்தினர். 1991இல் வந்த ஹொண்டா பீற் இதற்கு நேர்மாறு; 656 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட குறுவண்டி. என் மாணவன் என்.எஸ்.எக்ஸைப் படத்தில் மட்டுமே கண்டவன். 'அது தேர் ஐயா. திருவிழாவுக்குத்தான் சரி' என்பது அவன் தீர்ப்பு.

ஆனால் நடுப்பொறி வண்டி நம்மவர்க்குப் புதிதன்று என்பதையும் அவனே எனக்குக் காட்டினான். ஹொண்டா நிறுவனம் முதன்முதல் விற்ற நாற்சக்கர வண்டி ஸ்போர்ட்ஸ் கார் அன்று. 1963இல் வந்த டீ 360 என்ற சிறு லொறி. அதற்கும் எஞ்சின் நடுவிலேதான். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தோட்டத்திலிருந்து கரவனல்லை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் பழைய டவுன்ஏஸ் வான்களை எண்ணிப் பாருங்கள். சாரதி ஆசனத்தைத் தூக்கினால் அடியில் எஞ்சின்! முன் ஆசனத்தில் இருந்து தொடை வெந்தவர் யாவரும் நடுப்பொறியின் இயல்பை உடலால் அறிந்தவரே.

ஒப்பிட என்னிடமும் ஒரு வண்டி உண்டு. 1959ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர், என்னிலும் மூத்தது. 948 கன சென்ரிமீற்றர், 37 குதிரைவலு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே தெருவில், யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வழியாகக் கினிகத்தேனை வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் களனி கங்கை, மறுபக்கம் பாறை, ஓயாத வளைவு. மோரிஸ் ஒவ்வொரு மேட்டிலும் முனகிக்கொண்டு, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கி, எதிர்வருவோர்க்கெல்லாம் வழிவிட்டு ஏறியது. யப்பானிய வண்டியிலோ நிலத்தோடு நிலமாகக் கிடந்தேன். பிடரிக்குப் பின்னே எஞ்சின் பாடியது. வளைவுகள் நம்மை நோக்கி வந்து, தாமே விலகிச் சென்றன. ஓரிடத்திலே நாய் குறுக்கிட்டது. 'வளைவுக்குள்ள காலைத் தூக்கக் கூடாது ஐயா' என்றபடி, பதறாமல் அதனைச் சுற்றி எடுத்தான். எனக்கு வியர்த்துவிட்டது.

ஓட்டத்தில் ஒப்பேயில்லை. உடைமையில் என் மோரிஸே மேல் என்பேன். அந்நியச் செலாவணி முடையால் 1960களிலும் 70களிலும் கார் இறக்குமதி ஒடுங்கியபோது, நம் நாட்டுப் பாஸ்மார் ஆங்கில வண்டிகளைச் சுத்தியலாலும் சுயபுத்தியாலும் வாழவைத்தனர். 1990களில் மோரிஸ் மைனரின் தகட்டு உறுப்புகளை இலங்கையிலே கையால் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யும் நிலை வந்தது. 1977இன் பின் வெள்ளமாக வந்த யப்பானிய வண்டிகளுக்கு அத்தகைய உறவு வாய்க்கவில்லை. பழையது தேய்ந்தால் வேறொன்று வாங்குவதே வழக்கமாயிற்று. எம்.ஆர்.2இன் எஞ்சின் கொரோலாவின் இனமாதலால் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அதன் உறுப்புகளைத் தேடிப் பிடித்துவிட்டான். விளக்கு, கதவுக் கண்ணாடி, உட்கூடு ஆகியவற்றுக்கு அங்கே கைவிரித்தார்கள். நீர்க்குழாயோ பெருந்தொல்லை. குளிர்விப்பான் முன்னே, எஞ்சின் பின்னே. இடையில் வண்டியின் அடிவயிற்றில் நீண்ட குழாய்கள். அதிலே சிறிது காற்றுக் குமிழ் தங்கினாலும் எஞ்சின் கொதிக்கும். முதன்முறை கினிகத்தேனை மேட்டிற் கொதித்தபோது நாங்கள் இருவரும் அருவிநீரைப் போத்தலில் ஏந்திக்கொண்டு அரைநாள் நின்றோம்.

இனி ஆறாம் வேற்றுமைக்கு வருகின்றேன். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை, அஃதாவது உடைமை. 'சாத்தனது கை' என்பது தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்பது பிறிதின்கிழமை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே பிறிதின்கிழமைக்கு உதாரணமாக 'எனது வீடு' என்று கரும்பலகையில் எழுதினேன். இவன் எழுந்து, 'நாங்க இருக்கிறது தோட்டத்து லயம் ஐயா. அது எங்களுது இல்லையே' என்றான். வகுப்பு சிரித்தது. நானும் விடை கூறாது, 'எனது புத்தகம்' என்று மாற்றி எழுதிவிட்டு அப்பாற் சென்றேன். அன்று அவன் கேட்டது இலக்கணக் கேள்வி அன்று என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது.

1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992 முதல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. நூற்றாண்டுக்கு மேலாக அம்மண்ணிலே உழைத்தவர்க்குக் குந்தியிருக்கும் அறை வேலையோடு ஒட்டியது, உரிமையோடு ஒட்டியதன்று. நகை, ஆடுமாடு, வானொலி என்று எடுத்துச் செல்லக்கூடியவையே அவர்தம் சொத்து. கார் என்றால் துரையின் கார்.

2019இலே அவன் அவ்வண்டியைத் தாய்க்குக் காட்டக் கொண்டு சென்றபோது நானும் உடனிருந்தேன். லயத்துக்குப் போகும் கல்பாதையில் அத்துணைத் தாழ்ந்த வண்டி ஏறாது, பிரட்டுக்களத்தில் நிறுத்தினோம். அங்கு நின்ற முதியவர் ஒருவர், உள்ளே யார் என்று பாராமலே தலைத்துண்டை அவிழ்த்து ஓரமாக ஒதுங்கினார். அவன் இறங்கி ஓடி, 'தாத்தா, நான்தான்!' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஓர் இருக்கையே மிச்சம். பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றி, களத்தைச் சுற்றி இருட்டும்வரை ஓட்டினான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை மலையேறியது. மறு ஆண்டு கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பெருந்தொகை ஒன்று கேட்டார். பட்டணத்து ஓரத்திலே சிறு காணி வாங்கப் போதும். தாய் முப்பது ஆண்டு பால் வெட்டியவர். அவ்வாண்டிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயாயிற்று. 'விற்றுவிடு தம்பி, காணி காணிதான்' என்றேன். அவனும் இசைந்தான். தாய் இசையவில்லை.

தகரப் பெட்டியைத் திறந்து கடுதாசிக் கட்டொன்றை எடுத்து என் கையிலே தந்தார். மேலே தம் தகப்பனாரின் பிரசாவுரிமைப் பத்திரம். அதன் கீழே மகனின் பிறப்புச் சான்றிதழ். அதன் கீழே வண்டியின் பதிவுச் சான்றிதழ்.

'இதுல எம் மகன் பேருதானே போட்டிருக்கு வாத்தியாரய்யா?'

'ஆம் அம்மா.'

'வெளியூருல காணி வாங்கி நான் யாரோட பேசுறது? இங்கயே ஏழு பேர்ச் தாறதா சொல்லியிருக்காங்க. அது வரும்போது விக்கலாம். அதுவரைக்கும் இது இருக்கட்டும். காசா வச்சிருந்தா கரைஞ்சிடும்.'

பழமைப் பிடிவாதம் என்றே அன்று எண்ணினேன். மறு ஆண்டு, 2022இலே, ரூபாயின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியாயிற்று. காசாக வைத்திருந்தால் அவர் சொன்னவாறே கரைந்திருக்கும். ஆயினும், காணியாக வாங்கியிருந்தால் இன்று அவனுக்குச் சொந்தமாக ஒரு முற்றம் இருந்திருக்குமே என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை. எரிபொருள் பங்கீட்டுக் காலத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தார்கள். அவன் அதனை வண்டியில் ஊற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை ஒருவர் ஒருவராக ஏற்றி இறக்கினான்.

2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியது. ஏழு பேர்ச் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. வண்டி இப்போது கராச்சில், தார்ப்பாய்க்குக் கீழே நிற்கின்றது. மாரி தொடங்கிவிட்டால் கூரைக் கண்ணாடியின் விளிம்பால் நீர் ஒழுகி இருக்கை நனைகின்றது. அங்கே ஓடும் இறப்பர்ப் பட்டி காய்ந்து வெடித்துப்போயிற்று. வேறு பட்டிகளை வெட்டி ஒட்டிப் பார்த்தான், பொருந்தவில்லை. நாற்புறமும் பால் வடிகின்ற இறப்பர்க் காட்டின் நடுவே இருந்துகொண்டு, யப்பானிலிருந்து வரவேண்டிய இரண்டு முழ இறப்பருக்காகக் காத்திருக்கின்றான்.