கண்ணளவும் கோலளவும்

வாகனம் என்னும் சொல் நம்மவர் வழக்கில் இருபொருள் தருவது. திருவிழாவில் அம்பாள் எழுந்தருளும் அன்னமும் சிங்கமும் குதிரையும் வாகனம். தெருவில் ஓடும் மோட்டார் வண்டியும் வாகனம். ஆனித் திங்களில் நயினாதீவு நாகபூசணி அம்மன் பெருவிழாவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிறையும். அங்கே படகேறிச் சென்று அம்பாளின் குதிரை வாகனத்தைக் காண்பவர், அதன் கால்கள் மடங்கா என்று குறை கூறுவதில்லை. அது காண்பதற்கென்றே செதுக்கப்பட்டது, ஓடாது, அடியார் தோளில் சுமக்கப்படுவது. அவரைக் கரைசேர்த்த படகின் நிலையோ வேறு. அதன் சுழல்தண்டு சிறிது வளைந்தாலும் படகு அதிரும், தாங்கிகள் தேயும், நடுக்கடலில் நின்றுவிடவும் கூடும். முன்னையது கண்ணளவால் அமைந்த பொருள். பின்னையது கோலளவால் அமைந்தது. தேரிலோ இரண்டும் ஒருங்கே உள. அதன் சிற்பப் பலகைகள் கண்ணுக்கு உரியன. அச்சும் சக்கரமும் கோலுக்கு உரியன.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இந்நாளில் இளைஞர் பலரை ஈர்த்துவரும் ஒரு கலையைப்பற்றி இம்மலரில் யாம் சில கூற விரும்புகின்றோம். ஊர்திகளின் பொறியுறுப்புக்களைக் கணினியில் சிற்பம்போற் செதுக்கி உருவாக்குதலே அக்கலை. இதனைக் கணினிச் சிற்பம் என்று வழங்குவோம்.

இக்கலைக்கு மூலம் களிமண்ணே. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1927ஆம் ஆண்டு உருவமைப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற ஹார்லி ஏர்ல் என்பார், மோட்டார் வண்டியின் புறவுருவை முதலிற் களிமண்ணில் வடித்துக் காணும் முறையைப் பரப்பினார். அக்களிமண் கணினித் திரையுட் புகுந்ததே இன்றைய கணினிச் சிற்பம் எனலாம். 1999ஆம் ஆண்டளவில் பிக்சோலாஜிக் நிறுவனத்தார் வெளிப்படுத்திய சீபிரஷ் என்னும் மென்பொருள் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றது. 2022 முதல் அது மாக்சன் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. நெதர்லாந்து நாட்டுத் தோன் ரூசெண்டால் என்பார் தொடக்கிய பிளெண்டர் என்னும் மென்பொருளோ, 2002ஆம் ஆண்டில் மக்களிடம் ஒரு இலட்சம் யூரோ திரட்டப்பட்டு, யாவர்க்கும் பொதுவுடைமையாக விடுவிக்கப்பட்டது. அதனைப் பெறுதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. தீவுப்பகுதிப் பிள்ளைக்கும் இலண்டன் மாநகரப் பிள்ளைக்கும் அது ஒன்றே.

திரையிற் களிமண்போலத் தோன்றுவது உண்மையில் ஒரு வலை. மீன்பிடி வலையிற் கண்களும் முடிச்சுக்களும் இருப்பதுபோல, இவ்வலையில் முகங்களும் உச்சிகளும் உள. அவற்றை விளிம்புகள் இணைக்கின்றன. ஒரு சதுரமுகிக்கு முகங்கள் ஆறு. ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பகுத்தால் 24. மீண்டும் பகுத்தால் 96. ஆறாம் முறை பகுக்க 24,576. இங்ஙனம் பகுக்குந்தோறும் வலை நுண்ணிதாவதோடு, ஒரு கணித விதிப்படி வழவழப்பாகவும் வளையும். அவ்விதிகளுட் பெரிதும் வழங்குவதை 1978இல் எட்வின் கற்மல், ஜிம் கிளார்க் என்னும் இருவர் வகுத்தனர். நுண்ணிய வலைமீது தூரிகை எனப்படும் கருவியை ஓட்டினால் உச்சிகள் எழும், அமிழும், நெருங்கும். அமுக்கத்தை உணரும் பேனாவைப் பலகைமீது அழுத்தினால் பள்ளம் ஆழமாகும். மெல்லத் தொட்டால் ஒரு கீறல் மட்டுமே விழும். இழுத்து நீட்டியதால் வலைக்கண்கள் சிதைந்தனவாயின், வலை முழுவதையும் மீள நெய்து சீராக்கிவிடலாம்.

பொறியுறுப்பைச் செதுக்குவோன் முதலில் உருளை, சதுரமுகி, கோளம் முதலிய எளிய திண்மங்களை அடுக்கிப் பருவுருவை நிறுத்துவான். பின்னர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் துளையிடுவான். ஒன்றோடொன்றை ஒன்றித்துப் புடைப்பை ஆக்குவான். பாடசாலையில் தொடைகள் என்னும் பாடத்தில் நாம் கற்ற ஒன்றிப்பும் இடைவெட்டும் இங்கே வேலைக்கு வருகின்றன. அதன்பின் தட்டையாக்கும் தூரிகையால் முகங்களைச் சமப்படுத்துவான். கிள்ளும் தூரிகையால் விளிம்புகளைக் கூராக்குவான். ஆயினும் முற்றக் கூரிய விளிம்பை விடமாட்டான். உண்மை உலோகத்தின் விளிம்பு எத்துணைக் கூர்மையாயினும் சிறிது மழுங்கியே இருக்கும். அம்மழுங்கலிலேதான் ஒளி பட்டு மின்னும். இறுதியில் வார்ப்பின் சொரசொரப்பு, துரு, எண்ணெய்க் கறை ஆகியனவும் ஏற்றப்படும்.

இவ்வாறு செய்யப்பட்ட இயந்திரம் திரைப்படத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் முற்றும் போதியது. அங்கே அது கோயில் வாகனம் போன்றது. காண்பார் நம்பினாற் போதும். இம்மென்பொருள்கள் அத்துறைகளிலேயே பெரிதும் வளர்ந்தமையால், கண்ணுக்கு இனியதைச் செய்தற்கே அவற்றின் கருவிகள் முதன்மை தருகின்றன. இதனை மாணாக்கன் மறந்துவிடலாகாது.

கண்ணளவு இழிவானது என்று யாம் கூறவில்லை. யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியே அதற்குச் சான்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் உருவமைத்த அவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வெளிப்பட்டது. வெளிப்படுதற்குச் சிறிது முன்னர், வண்டி ஒடுங்கியிருக்கின்றது என்று அவர் கண்ணுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது வடிவு பொருந்திற்று. பொறிமூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் தழும்பேயாகும். அவர் அறுத்துச் செய்ததை இன்று ஒரு மாணாக்கன் திரையில் ஒரு நொடியிற் செய்து பார்க்கலாம்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. வண்டியின் முன்பின் தாங்குகம்பிகள் ஏற்கெனவே பழைய அளவுக்கு ஆக்கப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவே அறுத்து 4 அங்குலத் துண்டு ஒட்ட வேண்டியதாயிற்று. கண் ஒன்றை மாற்றுமிடத்து, அதனைத் தொடும் உறுப்புக்கள் யாவும் கோலளவால் மாறியே தீரவேண்டும்.

இனி, குறிகட்டுவானில் நிற்கும் படகொன்றின் பின்புறத்தே நீருள் மூழ்கிச் சுழலும் மூவிதழ் விசிறியை எடுத்துக்கொள்வோம். தீவார்க்குப் படகே தெருவும் ஊர்தியும் ஆதலின், அதன் உறுப்பே நமக்கு ஏற்ற பாடம். சிற்ப மென்பொருளில் இதனைச் செய்தல் எளிது. நடுவே ஓர் உருளை. மாட்டுவண்டிச் சக்கரத்திற்போல அதுவே குடம். சுழற்சிச் சமச்சீரை மூன்று என அமைத்துக்கொண்டு ஓர் இதழை இழுத்தால், 120 பாகை இடைவெளியில் ஏனைய இரண்டு இதழ்களும் தாமே எழும். கால்மணி நேரத்தில் அழகிய விசிறி ஒன்று திரையில் நிற்கும். அது வேலைக்கு ஆகுமா என்பதே வினா.

அதன் முகங்களை மூவகைப்படுத்தி நோக்குதல் வேண்டும். முதலாவது, உலோகத்தைத் தொடும் முகங்கள். குடத்தின் துளை சுழல்தண்டில் இறுக அமர வேண்டும். இரண்டையும் வழுக்காது பிணைக்கும் சிறு ஆப்பின் பள்ளமும் அளவாக இருத்தல் வேண்டும். இங்கே கண்ணுக்கு இடமே இல்லை. வேணியர் இடுக்கிமானியும் அதனினும் நுண்ணிய கருவிகளுமே பேசவேண்டும்.

இரண்டாவது, நீரைத் தொடும் முகங்கள். இதழின் முறுக்கு அழகுக்காக அமைந்ததன்று. விசிறி ஒரு முறை சுழல, நீரில் நழுவாது எவ்வளவு தூரம் முன்னேறவேண்டுமோ அத்தூரத்தைப் புரியிடை எனலாம். புரியிடை 12 அங்குலம் என்க. நடுவிலிருந்து 3 அங்குலத்தில் உள்ள புள்ளி ஒரு சுற்றில் ஏறக்குறைய 18.85 அங்குலம் சுழல்கின்றது. ஆதலின் அங்கே இதழின் சாய்வு ஏறக்குறைய 32½ பாகை. 6 அங்குலத்தில் உள்ள நுனி 37.7 அங்குலம் சுழல்கின்றது. அங்கே சாய்வு ஏறக்குறைய 17½ பாகையே. குடத்தருகே நிமிர்ந்தும் நுனியிற் படிந்தும் இதழ் முறுகுவதற்குக் காரணம் இதுவே. கண்ணை மட்டும் நம்பி முறுக்கியவன் நீரை ஏமாற்ற முடியாது.

மூன்றாவது, கண்ணை மட்டும் தொடும் முகங்கள். குடத்தின் புறவளைவிற் சிறு வேறுபாடுகள், எழுத்துப் பொறித்த இடம், வார்ப்பின் மெருகு ஆகியன இவ்வகை. இங்கே சிற்பி தன் விருப்பம்போல ஆடலாம். எந்த முகம் எவ்வகையது என்று முதலிலேயே தெளிந்து, அளவுக்குரியதை அளவாற் செய்து, எஞ்சியதைச் செதுக்குதலே இக்கலையின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

அளவுக்கென்றே பிறந்த மென்பொருள்கள் வேறு உள. 1963இல் ஐவன் சதர்லாந்து என்பார் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஆக்கிய வரைபலகை நிரலை அவற்றின் முன்னோடி எனலாம். அவ்வழி வந்தவற்றில் துளையின் விட்டம் ஓர் எண். எண்ணை மாற்றத் துளை மாறும். சிற்ப வலையிலோ வட்டத்துளை என்பது உண்மையிற் பல பக்கங்கொண்ட பல்கோணமே. ஆகவே துளையையும் ஆப்புப் பள்ளத்தையும் அளவு மென்பொருளில் ஆக்கி, எளிதில் எண்ணுக்கு அடங்காத வளைவுகளைச் சிற்ப மென்பொருளில் ஆக்கி, இரண்டையும் இணைத்தலே அறிவுடையோர் செயல்.

திரையிலிருந்து பட்டறைக்கு வருமிடத்தும் சில பொறிகள் காத்திருக்கின்றன. முப்பரிமாண அச்சுக்கு உருவத்தைக் கொண்டுசெல்லும் எஸ்.ரி.எல். என்னும் கோப்பு வகையில் எண்கள் உண்டு, அலகு இல்லை. 12 என்று இருப்பது அங்குலமா மில்லிமீற்றரா என்று கோப்புச் சொல்லாது, இரண்டுக்குமிடையே 25.4 மடங்கு வேறுபாடு. மலிவான அச்சுப்பொறிகளில் வழங்கும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்ரிக்கு ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சூடான இயந்திரத்தருகே அது உறுப்பாகாது. ஆனால் மணல் வார்ப்புக்கு மாதிரிக்கட்டையாக அது நன்கு பயன்படும். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சுருங்கும். மாதிரியை அவ்வளவுக்குப் பெரிதாக்க வேண்டும். துளையைச் சிறிதாக வார்த்து, 2 அல்லது 3 மில்லிமீற்றர் மிகையைக் கடைசற்பொறியிற் கடைந்தெடுக்க வேண்டும். சுவாமிமலைச் சிற்பி மெழுகில் வடித்து உலோகத்தில் வார்த்து உளியால் முடிப்பதும் இவ்வொழுங்கே.

இஃதெல்லாம் நமக்கு எற்றுக்கு என்று வினவுவார் இருக்கலாம். 1990ஆம் ஆண்டின் பின், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வடபகுதிக்கு வாராதிருந்த காலத்தை நம்மிற் பலர் கண்டுள்ளோம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் துளித்துளியாக ஊட்டிய பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. தேய்ந்த உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு புதியதைக் கடைந்து தந்த பட்டறையாளரே அன்று ஊரை ஓடச்செய்தவர். அதே 1990களில், பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வேர் என்பார் இலங்கையர் ஒருவருடன் சேர்ந்து, இத்தீவிலேயே அவ்வண்டியின் பாகங்களைச் செய்வித்துப் பிரித்தானியாவுக்கு அனுப்பினார் என்பதும் நினைக்கத்தக்கது. கைவன்மை நம் நாட்டிற் குறைந்ததில்லை. குறை எங்கே எனின், அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாது கையோடு நின்றமையே. கை ஓயும்போது அதுவும் ஓய்கின்றது.

கணினிச் சிற்பம் அக்குறையைத் தீர்க்க வல்லது. கடையிற் கிடையாத பழைய உறுப்பொன்றைக் கண்ட இளைஞன், அதன் அருகே ஓர் அளவுகோலை வைத்துச் சுற்றிலும் ஒளிப்படம் எடுப்பானாக. அளவுகோல் இன்றேல் படம் வடிவைத் தருமேயன்றிப் பருமனைத் தாராது. பின்னர் தொடும் முகங்களை எல்லாம் அளந்து எழுதுவானாக, அதன்பின் செதுக்குவானாக. இறுதியில், பட்டறையாளர் அவ்வுறுப்பை எப்பெயரால் அழைக்கின்றார் என்று கேட்டு அப்பெயரையும் பொறித்து வைப்பானாக. தமிழ் கற்பிக்கும் எமக்கு இது தலையாய கடமையாகத் தோன்றுகின்றது. குடம், ஆரக்கால், அச்சு, கடையாணி என்று மாட்டுவண்டிக்கு முழுமையான சொற்றொகுதி சமைத்த மொழி நம்மது. அச்சொற்கள் புலவர் மண்டபத்திற் பிறந்தனவல்ல. தச்சர் பட்டறையிற் பிறந்தன. இன்றைய பட்டறைச் சொற்களும் உருவத்தோடு சேர்த்துக் காக்கப்படின், நாளைய கலைச்சொல் அகராதிக்கு அவையே மூலமாகும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். கணினி வல்லார் உளர். பட்டறை நடத்துவோரும் உளர். கணினி அறிந்தவர் திரையில் ஓர் உறுப்பைச் செதுக்கி முடித்தவுடன், அதனைப் பட்டறையாளர் ஒருவரிடம் காட்டி, இது எங்கே பொருந்தாது என்று கேட்கும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், இரு சாராரும் பயன்பெறுவர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து நாடோறும் மக்கள் படகேறுகின்றனர். அவர் உயிர் ஓர் உறுப்பின் அளவைச் சார்ந்து நிற்கின்றது என்னும் நினைவே கணினிச் சிற்பிக்கு முதல் முழக்கோலாக அமைக.