டிப்பர் ஓட்டுநரின் இரவு

சென்னை நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், டிப்பர் லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் ஊர் உறங்கும்போதுதான் வேலை. கிரஷரில் எம்-சாண்டோ ஜல்லியோ ஏற்றியதும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவார். இல்லாவிட்டால் பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில் தூசி விழும்.

லோடு இறக்கும் இடத்தில்தான் உயிர்ப் பயம். தரை சமமாக இருக்கிறதா, தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, பின்கதவுக் கொக்கியை விடுவித்த பிறகே ஹைட்ராலிக் ஜாக்கியால் தொட்டியைத் தூக்க வேண்டும். ஈர மணல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் லாரியே சாய்ந்துவிடலாம்.

நேயர்களே, உயரமான கேபினில் இருக்கும் ஓட்டுநருக்கு, இடப்பக்கம் ஒட்டி வருகிறவர் பல சமயம் கண்ணில் படமாட்டார். அந்தப் பக்கமாக லாரியை முந்தாதீர்கள்.