நின்றபின் தோன்றும் குருதி

மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கழிந்தபின் ஒரு துளி குருதி தோன்றினும் அது மாதவிடாய் அன்று. "போனது திரும்பிவிட்டது" என அமைவோரும் உளர். பிள்ளைகளிடம் கூற நாணி மறைப்போரும் உளர். நாணம் இவ்விடத்திற் பொல்லாத துணை.

பெரும்பாலும் காரணம் எளியதே. ஈஸ்திரோசன் சுரப்புக் குறைய, கருப்பையின் உட்படையும் யோனிச் சுவரும் மெலிந்து கசியும். உட்படையில் முளைக்கும் சதைவளர்ச்சியாலும் குருதி வரும். அதனையோ உறைந்த குருதிக்கட்டியையோ வெளித்தள்ளக் கருப்பை சுருங்கும்போது அடிவயிறு பிசைந்து வலிக்கும். ஆயினும் இவ்வாறு குருதி காண்போருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உட்படைப் புற்றுநோய் இருக்கிறது. வலியின்மை ஆறுதலாகாது, தொடக்கத்தில் அந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளிற் செய்யப்படும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கே உரியது. அதன் பெறுபேறு நன்றாயிருப்பதால் உட்படையும் நன்றெனக் கொள்ளலாகாது. உட்படையின் தடிப்பை ஸ்கான் கருவியால் அளப்பர். 4 மில்லிமீற்றரை விஞ்சினால், அல்லது குருதி மீண்டும் தோன்றினால், சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பர். நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கையிற் கண்டால், கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை பெரும்பாலோரைக் குணப்படுத்தும். குருதி கண்ட நாளையும், மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் உட்கொள்வோராயின் அதனையும், வைத்தியரிடம் முதலிலேயே கூறுதல் வேண்டும்.