ஆறாம் இடத்தில் எழுதப்பட்ட பெயர்

அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்தாட்டப் பருவம் நவம்பரில் ஆரம்பமாகும். ஆனால் எந்த அணி வெல்லும், எது கடைசியில் நிற்கும் என்ற எதிர்வுகூறல்கள் ஒக்ரோபரிலேயே வந்துவிடும். பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவள் என்பதால் அந்தப் பட்டியல்களை நான் ஆவலோடு பார்ப்பதுண்டு.

அங்கே பல்கலைக்கழகங்கள் 'கொன்பரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து விளையாடுகின்றன. எங்கள் வலயமட்டப் போட்டிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பயிற்றுநர்களும் பத்திரிகையாளரும் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்துவார்கள். பல கூட்டமைப்புகளில் பயிற்றுநர் தன் சொந்த அணிக்கு வாக்களிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான்; காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா?

நாடு முழுவதற்குமான பட்டியலை 1976இல் தொடக்கிவைத்தவர் பிலடெல்பியாப் பத்திரிகையாளர் மெல் கிறீன்பேர்க். பெண்களின் ஆட்டத்தைப் பத்திரிகைகள் பெரிதாகக் கவனிக்காத காலம் அது.

கடந்த ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் கணிப்போரின் முதற் கணக்கு. 2023இல் அந்தக் கணக்கின்படி தென் கரோலினா அணி ஆறாம் இடத்தில் எழுதப்பட்டது. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவருமே படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். முதலிடம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது.

தென் கரோலினாவின் பயிற்றுநர் டோன் ஸ்ரேலி. பிலடெல்பியாவில் அரசாங்கக் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 2008இல் ஸ்ரேலி பொறுப்பேற்ற முதற் பருவத்தில் அணி வென்றது 10 ஆட்டம், தோற்றது 18.

போன ஐவரைக் கணித்தவர்கள் எண்ணினார்கள். மாற்று வீராங்கனைகளாக வாங்கில் இருந்தவர்களை அவ்வளவாக எண்ணவில்லை. வீட்டில் ஆள் குறைந்தபின் "இந்தக் குடும்பம் இனி எழும்பாது" என்று ஊர் சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம், சகோதரிகளே. அந்தக் கணக்கும் போனவர்களை மட்டும்தான் எண்ணும்.

அப்படி வாங்கில் இருந்தவர்களில் ஒருத்தி கமில்லா கார்டோசோ. பிரேசில் நாட்டுப் பிள்ளை. பதினைந்து வயதில், ஆங்கிலம் தெரியாமல், குடும்பத்தைப் பிரிந்து அமெரிக்கா வந்தவள். நல்ல உயரம், கூடைக்கு அருகில் நின்று போடுவதுதான் அவளுடைய வேலை. 2024 மார்ச்சில் தென்கிழக்குக் கூட்டமைப்பின் அரையிறுதியில், ரெனெசி அணிக்கு எதிராகத் தென் கரோலினா இரண்டு புள்ளிகள் பின்னால் நின்றது. மிஞ்சியிருந்தது ஒரு விநாடி சொச்சம். பந்து அவளுடைய கைக்கு வந்தது. கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு மூன்று புள்ளிக் கூடைகூடப் போட்டிராதவள், தூரத்திலிருந்து எறிந்தாள். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 74க்கு 73.

ஏப்ரலில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் அயோவாவை 87க்கு 75 என வென்று, ஒரு தோல்வியும் இல்லாமல் 38 வெற்றிகளுடன் அந்த ஆறாம் இடத்து அணி கிண்ணத்தை வாங்கியது. இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த வீராங்கனை கார்டோசோ.

பட்டியல் எப்போதும் பிழைத்துப்போவதில்லை. 2024 ஒக்ரோபரில் முதலாம், இரண்டாம் இடங்களில் எழுதப்பட்டவை தென் கரோலினாவும் கனெக்ரிகட்டும். 2025 ஏப்ரலில் இறுதிக்கு வந்தவையும் அவைதான். வென்றது இரண்டாம் இடத்துக் கனெக்ரிகட், 82க்கு 59.