உப்பு சொன்ன கணக்கு! செங்கோட்டை முதல் 2027 சென்சஸ் வரை

1947. சுதந்திரம் வாங்கிய கையோடு டெல்லியில் மதக் கலவரம். உயிருக்குப் பயந்த சிறுபான்மை மக்கள் பெருங்கூட்டமாகச் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இன்னொரு சிறு கூட்டம் ஹுமாயூன் கல்லறையில். இவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியது அரசின் பொறுப்பு. வேலையை கான்ட்ராக்டர்களிடம் ஒப்படைத்தார்கள்.

உள்ளே எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டர் நீட்டிய பில்தான் கணக்கு. தொகை எகிறிக்கொண்டே போக, அரசு புள்ளியியல் நிபுணர்களைக் கூப்பிட்டது. அவர்களாலும் உள்ளே போய்த் தலையை எண்ண முடியாத சூழல். பாதுகாப்பு இல்லை.

கையில் இருந்தது அந்த பில்கள் மட்டும்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு சாப்பிடுவார் என்பது ஏற்கெனவே எடுத்த சர்வேக்களில் இருந்தது. வகுத்துப் பார்த்தார்கள். அரிசிக் கணக்குப்படி கூட்டம் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு!

எது உண்மை? உப்புதான். விலை அதிகமான அரிசியில் பொய்க் கணக்கு எழுதினால் லாபம். சல்லிசாகக் கிடைக்கும் உப்பில் எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்? ஹுமாயூன் கல்லறையில் இருந்தவர்களை வைத்துச் சரிபார்த்தபோதும் உப்புக் கணக்கு ஏறக்குறைய பொருந்தியது. இந்த யோசனை ஜே.எம்.சென்குப்தா என்ற புள்ளியியலாளருடையது. புகழ்பெற்ற புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ் தன் புத்தகத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். (வீட்டில் சமைப்பவர்களுக்கு இந்த லாஜிக் நொடியில் புரிந்திருக்கும்!)

81.35 கோடி என்ற பழைய எண்

ஆள் கணக்கு தெரியாமல் சோறு போடும் சிக்கல் இன்றும் தீரவில்லை. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமங்களில் 75 சதவிகிதம், நகரங்களில் 50 சதவிகிதம் பேர் வரை மானிய தானியம் தரச் சொல்கிறது. எத்தனை பேர் என்பதை 2011 சென்சஸை வைத்து முடிவு செய்தார்கள். அன்றைய மக்கள்தொகை 121 கோடி. பயனாளிகளுக்கான உச்சவரம்பு 81.35 கோடி.

2021-ல் எடுக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போனது, பிறகும் தள்ளிக்கொண்டே போனது. மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அதே விகிதத்தில் போட்டால் இன்னும் 10 கோடிப் பேருக்கு மேல் ரேஷன் கிடைக்க வேண்டும். ஒதுக்கீடு நிரம்பிய மாநிலத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால், எங்கோ ஒரு பெயர் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அனைவருக்குமான ரேஷன் முறை இருப்பதால் இந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

ரேஷன் ஒரு உதாரணம்தான். எந்த ஊருக்குப் பள்ளி, எங்கே ஆரம்ப சுகாதார நிலையம் என்று திட்டமிடுவதற்கும் இதே பழைய எண்கள்தான் அடிப்படை. 2011-ல் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை இப்போது ஓட்டுப் போடுகிறது!

வாசலில் கேட்டால்...

2027 சென்சஸ் இரண்டு கட்டமாக நடக்கிறது. வீட்டுக் கணக்கெடுப்புக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். இந்த முறை பேப்பருக்குப் பதில் மொபைல் ஆப். சாதி விவரமும் கேட்கப்படும்.

பதில் சொல்வது சட்டப்படி கடமை. அதேநேரம், 1948-ம் வருட சென்சஸ் சட்டப்படி உங்கள் பதில்கள் ரகசியம். சென்சஸ் சட்டத்தை மீறிய வழக்கைத் தவிர வேறெந்த வழக்கிலும் அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. அந்தச் சட்டத்தில் இன்னொரு சுவாரஸ்யம்... கணவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. பெயர் சொல்லாத பாட்டிகள் காலத்தில் எழுதிய விதி, இன்னமும் அப்படியே இருக்கிறது.

பனி மூடும் பகுதிகளைத் தவிர நாடு முழுவதற்கும் கணக்கின் எல்லைக்கோடு, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. 11.55-க்குப் பிறக்கும் குழந்தை கணக்கில் உண்டு. 12.05-க்குப் பிறந்தால் அடுத்த சென்சஸ்தான். அதுவாவது தள்ளிப்போகாமல் இருந்தால், பத்து வருஷம்.