ஏழு நாளா, முப்பது நாளா?

இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர் என்று கணக்கிட உதவுவது வருமானம் அல்ல, வீட்டுச் செலவு. அதைச் சொல்வது வீட்டாரே. பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை. ஆனாலும் கேள்வி மாறினால் பதிலும் மாறிவிடுகிறது.

இந்தச் செலவைக் கேட்டறியும் அரசின் தேசிய மாதிரி ஆய்வில் வெகுகாலம் 'கடந்த 30 நாளில்' என்றே கேட்டுவந்தார்கள். 1994 முதல் 1998 வரை ஒரு சோதனை. பாதி வீடுகளில் பழைய கேள்வி. மீதி வீடுகளில் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு ஓராண்டு. மாதக் கணக்காக்கிப் பார்த்தால், 7 நாள் கேட்ட வீடுகளில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதல்! புதிய கணக்கை ஏற்றிருந்தால் ஏழைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வறுமைக்கோட்டைத் தாண்டியிருப்பார்கள், தட்டில் ஒரு பருக்கை கூடாமலே.

அண்மை நினைவுதானே சரியாக இருக்கும்? அப்படியும் சொல்வதற்கில்லை. மாதக் கணக்கில் கொத்தமல்லிக் கட்டும் டீக்கடை பஜ்ஜியும் விட்டுப்போகும். வாரக் கணக்கில் ஒன்பது நாளுக்கு முன் வாங்கிய மீனும் உள்ளே நுழைந்துவிடும். 1950களில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு மேற்கு வங்கக் கிராமங்களில் உணவை எடைபோட்டே பார்த்தது. அரிசி, பருப்பு விஷயத்தில் மாதக் கணக்குதான் தராசுக்கு நெருங்கி வந்தது.

1999-2000இல் குழப்பம் முற்றியது. இரு கேள்விகளையும் ஒரே வீட்டில், ஒரே படிவத்தில், அடுத்தடுத்த கட்டங்களில் கேட்டார்கள். வாரத்துக்கு 50 ரூபாய் என்றவர் அடுத்த மூச்சில் மாதத்துக்கு 120 என்பாரா? நான்கால் பெருக்கித்தான் சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் எழுதுபவர் சரிக்கட்டிவிடுவார். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. தாராளமயத்தின் வெற்றி என்றது ஒரு தரப்பு, கண்கட்டு வித்தை என்றது மறு தரப்பு. அன்றைய தலைப்புச் செய்திகளோடு கேள்வித்தாளையும் அச்சிட்டிருக்கலாம்.

பின்னாளில் (2015இல்) நோபல் பெறவிருந்த பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் ஒரு வழி கண்டார். எரிபொருள் போன்ற சில செலவுகளுக்கு மட்டும் எப்போதும் போல 30 நாள் கேள்விதான். மாறாத அந்தப் பதில்களைக் கொண்டு மற்றதை மதிப்பிட்டார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் கிராமப்புறத்தில் அரசு சொன்ன 27 சதவீதத்துக்கு அல்ல, சுமார் 30க்கு.

இப்போது காய்கறி, மீன், முட்டைக்கு 7 நாள், அரிசி, பருப்புக்கு 30, துணிமணிக்கு 365 என்று பிரித்துக் கேட்கிறார்கள். 2022-23இல் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போனார்கள். அந்தக் கணக்கை 2011-12 ஆய்வுடன் ஒப்பிடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.